ஜெபப்பெட்டிக்குள் மூன்று கிழமை

3 ஜனவரி 2025, வெள்ளி

காலையில் லூர்தம்மா போன் எடுத்தவ. இங்கே டென்மார்க்கில், ஹ்விடோவ்ரே ஊரில் என்னோடு துப்புரவு வேலை செய்த சிநேகிதி. புது வருச வாழ்த்துச் சொல்லத்தான் எடுத்தவ, ஆனால் முதல் கேள்வியே "பேரப்பிள்ளையள் என்ன செய்யினம்?" என்பதுதான். கேட்டால் நான் சொல்லாமல் விடுவேனா. மகன் கிறிஸ்துராஜாவின் மூத்தவள் நவோமி சட்டம் படித்து முடித்து ஓர்ஹூஸில் ஒரு சட்டத்தரணியிடம் பயிற்சியில் இருக்கிறாள். அவளுடைய தம்பி தினேஸ் பல்வைத்தியப் படிப்பில் மூன்றாம் வருசம். மகள் ஜெபமலரின் மூத்தவன் ஜோனாஸ் இஞ்சினியர் படிப்பை முடித்து, இந்த மாதம் முதலாம் திகதியில் இருந்து எஸ்பியர்க்கில் காற்றாலை வேலை. அவனுடைய தங்கச்சி தனுசியா நீச்சலில் கோல்டிங் நகரத்துக்கே முதலாவது. லூர்தம்மா தன்னுடைய பேரன் மனேஜர் என்றா. எங்கே மனேஜர் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் நல்ல குணம் இருக்கு.

மத்தியானம் தபாலில் கோர்ட் கடிதம் வந்தது. எனக்குக் கம்பியூட்டர் தபால் இல்லை, நகரசபைக் கொம்மூனில் கேட்டு விலக்கு எடுத்திருக்கிறன். எல்லாம் கடுதாசியில்தான் வரும். இரண்டு பக்கம். என் பேர் விளங்கியது. கொம்பனியின் பேர் விளங்கியது. வழக்கு 20.2 என்பதும் விளங்கியது. நடுவில் கறுப்பாக 23.1 என்று ஒரு திகதி. அது எதுக்கோ தெரியவில்லை.

கோப்பையைத் தொடாமல் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ரீ ஆறிப்போச்சு.

4 ஜனவரி, சனி

வழக்கு என்னவென்று ஒருக்கால் எழுதி வைக்கிறன். எழுதினால் மனம் கொஞ்சம் அடங்கும்.

டோஸ்ட்ருப்பில் இந்த வீட்டுக்கு வந்து இருபத்து நாலு வருசம். வீட்டுக்காரர் ஹென்னிங், நல்ல மனிசன். முந்தின வருசம் ஜெபமலருக்கு மார்பில் வருத்தம் வந்து மருந்து ஏற்றத் தொடங்கினபோது, நான் கோல்டிங்குக்குப் போய் அவளைப் பார்க்க வேண்டி வந்தது. ஜோனாஸுக்கு இங்கே கடைசி வருசப் படிப்பு. நான் அங்கே, அவன் இங்கே. ஹென்னிங்கிடம் கேட்டேன். "மகள் சுகமாகும் வரைக்கும் பேரன் இருக்கட்டும், வீடு உன்னுடையதுதான்" என்று தன் கையால் எழுதி, திகதி போட்டு, கையெழுத்தும் வைத்துத் தந்தவர். அதை வேதப்புத்தக உறைக்குள் வைத்தேன்.

போன வசந்தத்தில் ஹென்னிங் போய்ச் சேர்ந்திட்டார். பிள்ளைகள் கட்டடத்தை ஒரு கொம்பனிக்கு விற்றார்கள். கொம்பனிக்காரர் ஆவணியில் வந்து கதவைத் தட்ட ஜோனாஸ் திறந்திருக்கிறான். அவ்வளவுதான். வாடகைக்கு எடுத்தவர் இங்கே இல்லை, வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்திட்டா, வெளியேற வேணும் என்று வழக்கு. நான் கார்த்திகையில் திரும்பி வந்திட்டன். ஜெபமலருக்கு இப்ப சுகம், கர்த்தருக்குத் தோத்திரம். ஆனால் வழக்கு நிற்கவில்லை.

கிறிஸ்துராஜா அப்போது எனக்காகப் பதில் எழுதினவன். வீட்டுக்காரர் அனுமதி தந்தவர் என்று மட்டும். கடிதம் இருக்கிற விசயம் அவனுக்குத் தெரியாது. நானும் சொல்ல மறந்து போனேன்.

6 ஜனவரி, திங்கள்

இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் தொடங்கியது. டெனிஸ் சபையின் கோவில் மண்டபத்தை எங்கள் சபை வாடகைக்கு எடுத்திருக்கிறது. மேடைக்குப் பக்கத்தில் ஜெபப்பெட்டி. அவரவர் பாரத்தை உறைக்குள் வைத்துப் போட வேணும். போட்டதை இருபத்தொரு நாளும் யாரிடமும் வாயால் சொல்லக்கூடாது. எங்கள் சபையில் முப்பது வருசமாக அப்படித்தான்.

நான் கோர்ட் கடிதத்தையும் ஹென்னிங்கின் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டேன். பாஸ்டர் பேனாட் கொப்பியும் பேனையுமாக நின்றார். கிழமை நாட்களில் பஸ் ஓட்டுகிற மனிசன், எதையும் நேரம் போட்டு எழுதினால்தான் அவருக்கு நித்திரை வரும். போன வருசம் ஒருவரின் பாஸ்போட் வேறு ஒருவரின் உறையோடு மாறிப் போய்ப் பெரிய கரைச்சல். அதனால் இந்த முறை உள்ளே என்ன இருக்கு என்று பார்த்துப் பதிகிறார்.

"கிருபா அக்கா, நாப்பத்து மூண்டு. கடுதாசி இரண்டு. சரியோ?"

"சரி பாஸ்டர்."

"கனமான கடுதாசி போல."

"கனம்தான்."

உறை ஒட்டின இடத்துக்கு மேலே நம்பரும் திகதியும் போட்டார். போட்டுவிட்டு வந்தேன். வீடு இலேசாக இருந்தது.

14 ஜனவரி, செவ்வாய்

மாதுளம்பழச் சாறு மட்டும். முழங்கால் உளைவு.

17 ஜனவரி, வெள்ளி

கிறிஸ்துராஜா பேக்கரி வேலை முடிந்து போன் எடுத்தவன். "அம்மா, கோர்ட்டில இருந்து ஏதும் வந்ததோ?" நான் என்ன சொல்ல. பெட்டிக்குள் போட்டதைச் சொல்லக்கூடாது. "வந்தால் உனக்குச் சொல்லாமல் ஆருக்குச் சொல்லப் போறன்" என்றேன். பொய் சொல்லவில்லை. உண்மையும் சொல்லவில்லை. இதுக்கு என்ன பேர்?

23 ஜனவரி, வியாழன்

வெளியில் பனி. பல்கனியில் இரண்டு புறா. ஒன்றும் நடக்கவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு

பெட்டி திறந்த நாள். உபவாசம் முடிக்க எல்லாருக்கும் கஞ்சி. நவோமி வார விடுமுறைக்குத் தகப்பன் வீட்டுக்கு வந்தவள், கஞ்சிக்காக என்னோடு சபைக்கும் வந்தாள். பாஸ்டர் நம்பர் கூப்பிட, நான் உறையை வாங்கி வந்து அவளுக்கு முன்னால் கிழித்தேன். இனிச் சொல்லலாம் தானே.

அவள் கோர்ட் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கஞ்சிக் கோப்பையை அந்தப் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அப்பம்மா, இது எப்ப வந்தது?"

"மூண்டாம் திகதி."

"இதில இருபத்து மூண்டுக்கு முதல் எல்லாப் பேப்பரும் குடுக்க வேணும் எண்டு இருக்கு. பிறகு குடுத்தா எடுக்க மாட்டினம். இந்த ஹென்னிங் பேப்பர்தான் எங்கட முழு வழக்கும்."

"நான் கர்த்தரிட்டைக் குடுத்தனான் பிள்ளை."

"அது சரி. கோர்ட்டுக்கும் ஒரு கொப்பி குடுத்திருக்கலாம்."

கத்தவில்லை. பெருமூச்சும் விடவில்லை. இரண்டு கடிதத்தையும் போனில் படம் எடுத்தாள், கிழிந்த உறையையும் எடுத்தாள். ஹென்னிங்கின் கடிதத்தை அங்கேயிருந்தே கோர்ட்டுக்கு அனுப்பினாள், விளக்கம் பிறகு எழுதலாமாம். உறையை எறிய வேண்டாம் என்றாள். பிறகு கோப்பையை இழுத்து, ஆறின கஞ்சியைக் குடித்து முடித்தாள்.

மூன்று நாள். மூன்றே மூன்று நாள் பிந்தி. இருபத்து நாலு வருச வீடு. எனக்கு அந்த மண்டபத்தில் இருக்கக் கூச்சமாக் கிடந்தது. ஆரும் என்னைப் பார்க்கேல்லை, எண்டாலும் எல்லாரும் பார்க்கிற மாதிரி.

27 ஜனவரி, திங்கள்

ஹ்விடோவ்ரேயில் மகன் வீட்டில் எல்லாரும். நவோமி ஒரு நாள் லீவு எடுத்து நின்றாள். கிறிஸ்துராஜாவின் முகம் சிவந்து கிடந்தது.

"நான் போனில கேட்டனான்தானே அம்மா. அண்டைக்கு ஏன் வாய் திறக்கேல்லை?"

"திறக்கக்கூடாது எண்டுதான்."

"சரி, முடிஞ்சது முடிஞ்சது. நவோமி, அப்பம்மா ஆஸ்பத்திரியில இருந்தவ எண்டு எழுது. எண்பது வயசு மனிசி. ஆர் போய்க் கேக்கப் போறான்?"

"எனக்கு எழுபத்தாறு" என்றேன்.

தினேஸ் டெனிசில் ஏதோ சொல்லிச் சிரித்தான். என்னவென்று நவோமி சொன்னாள்: பொய் சொல்லுறதெண்டால் வயசில இருந்தே தொடங்குவமாம். கிறிஸ்துராஜாவுக்கும் வாயோரம் கொஞ்சம் இளகினது.

உள்ளதை எழுத வேணும். எனக்கும் ஆஸ்பத்திரிக் கதைதான் பிடித்திருந்தது. பெட்டிக்குள் போட்டனான் என்று டெனிஸ்காரருக்கு முன்னால் எப்படிச் சொல்லுறது. என்னைச் சிரிப்பினம். சபையையும் சிரிப்பினம்.

நவோமி மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். அவளுக்குத் தமிழ் மெல்லத்தான் வரும், ஆனால் அன்று ஒரு சொல்லும் தடக்கவில்லை.

"அவை ஆஸ்பத்திரிப் பேப்பர் கேட்டா எங்கட கையில என்ன இருக்கு? ஒண்டுமில்லை. அதுக்குப் பிறகு ஹென்னிங் எழுதின உண்மைப் பேப்பரையும் ஆர் நம்புவினம்? அப்பா, நான் பொய் எழுதினா என்ர வேலையும் போகும். அப்பம்மாவின்ர வீடும் போகும்."

கிறிஸ்துராஜா கதிரையைத் தள்ளினான். எழும்பிப் போய் எல்லாருக்கும் ரீ போட்டான். அவன் தோற்றுப் போனால் ரீ போடுகிறவன், சின்ன வயசிலும் அப்படித்தான்.

30 ஜனவரி, வியாழன்

விண்ணப்பம் கோர்ட்டுக்குப் போய்விட்டது. குடும்பத்தில் ஒருவர் என்ற முறையில் நவோமி எனக்காகப் பேசலாமாம், அவளுடைய பெரிய சட்டத்தரணியும் ஓம் என்றவராம். அனுப்ப முதல் போனில் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

முதல் வசனமே "பிழை எங்களுடையது" என்பதுதான். நான் திடுக்கிட்டேன். இப்படியும் ஒருவர் கோர்ட்டுக்கு எழுதுவாரா? ஆனால் அதுக்குப் பிறகு ஒவ்வொன்றாக அடுக்கினாள். பிந்தினது மூன்று நாள். வழக்குக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கு, கொம்பனிக்காரர் கடிதத்தைப் பார்த்துப் பதில் சொல்ல அது போதும், வழக்குத் திகதியும் தள்ளத் தேவையில்லை. கடிதத்தை எடுக்காமல் விட்டால் ஒரு மனிசி இருபத்து நாலு வருச வீட்டை இழப்பா, அந்த நட்டம் பிழையை விடப் பெரிது.

நான் கிழவி என்று எழுதவில்லை. டெனிஸ் தெரியாது என்றும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"இரண்டும் உண்மைதான் அப்பம்மா. ஆனா நீங்கள் அதுக்குப் பின்னால ஒளிக்கிற ஆள் இல்லையே."

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். ஒரு விண்ணப்பத்தை வாசிக்கக் கேட்டு அழுதேன் என்று சொன்னால் ஆர் நம்புவினம்.

4 பெப்ரவரி, செவ்வாய்

கொம்பனிச் சட்டத்தரணியின் பதில் வந்திருக்கு. நவோமி சொல்லத் தயங்கினாள், நான் விடவில்லை. நாள் முடியும் வரைக்கும் இல்லாத கடிதம் நாள் முடிந்த பிறகு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கினம். எழுதினவரும் உயிரோடு இல்லை என்று ஒரு வரி.

என்ன அர்த்தம் இதுக்கு? நான் எழுதினனான் எண்டோ? செத்த மனிசன்ர கையெழுத்தை நான் போட்டனான் எண்டோ? முப்பத்தெட்டு வருசம் இந்த நாட்டில ஒரு பஸ் ரிக்கற் எடுக்காமல் ஏறினதில்லை. இப்ப கள்ளி எண்டு சொல்லாமச் சொல்லுறாங்கள். எழுத்துக் கோணிப் போகுது —

பிறகு எழுதுகிறேன்.

பின்னேரம்: நவோமி திரும்பவும் எடுத்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. "அவையின்ர பலமான இடம் இதுதான். கடிதம் முதலே இருந்தது எண்டு காட்டினால் போதும். பெட்டிக்குள்ள என்ன போட்டனீங்கள் எண்டு வேற ஆருக்கும் தெரியுமோ?"

பாஸ்டரின் கொப்பியைச் சொன்னேன். அந்தப் பக்கம் பேனை தேடுற சத்தம். பிறகு "உள்ள என்ன இருந்தது எண்டும் எழுதினவரோ?" என்றாள், மெல்ல.

5 பெப்ரவரி, புதன்

பஸ் நிலையத்தில் பாஸ்டரைக் கண்டேன். இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் அவருக்குப் பத்து நிமிசம். பஸ்காரரின் உடுப்போடு கொப்பியை விரித்துக் காட்டினார். "43. கிருபாமலர் அக்கா. கோர்ட் கடிதம் 1. பழைய வீட்டுக்காரர் ஹென்னிங் கையால் எழுதியது 1. 6.1.25, 18.40."

"அக்கா, மற்ற ஆக்களின்ர பாரமும் இதில இருக்கு. அந்தப் பக்கத்தை மட்டும் மற்ற வரியளை மூடிப்போட்டுக் காட்டலாம். நீங்கள் சொன்னா நானே வந்து சொல்லுறன்."

"உங்களுக்கு வேலை?"

"அரை நாள் லீவு கேக்கிறன். பெட்டிக்குள்ள போடச் சொன்னது நான்தானே."

வேறு ஆளாக இருந்தால் கோர்ட் என்றதும் ஒதுங்கியிருப்பான். இவர் கடைசியில் இன்னொன்றும் சொன்னார். அடுத்த வருசம் திகதி போட்ட கடுதாசி எதையும் பெட்டிக்குள் எடுக்க மாட்டாராம். கொப்பியின் முதல் பக்கத்தில் அதையும் எழுதிவிட்டாராம்.

11 பெப்ரவரி, செவ்வாய்

கோர்ட்.

ஹென்னிங்கின் கடிதத்தை எடுப்பதா என்று முடிவெடுக்க மட்டும் இன்று கூப்பிட்டவை. நீலச் சேலை கட்டினேன், மேலே குளிர்க்கோட்டு. நீதிபதி ஒரு பெண், ஐம்பது வயசு இருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தா. மொழிபெயர்க்க ஒரு ஆளும் இருந்தவர். கொம்பனிச் சட்டத்தரணி மரியாதையான ஆள், எனக்குக் கை தந்தார். கதைக்கத் தொடங்கினபோதுதான் மரியாதை குறைந்தது. கடவுளின் கந்தோரில் கொப்பி எடுக்கிற மெசின் இல்லையோ என்று கேட்டாராம். அவருக்குப் பின்னால் இருந்தவர் சிரித்தார். பாஸ்டர் நிலத்தைப் பார்த்தார்.

நவோமி சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. எழும்பி நின்று சொன்னதை மொழிபெயர்ப்பாளர் என் காதுக்குள் சொன்னார்: "நாங்கள் யாரையும் அந்தப் பெட்டியை நம்பச் சொல்லவில்லை. திகதியை மட்டும் நம்பச் சொல்லுகிறோம்." பிறகு உறையைக் கொடுத்தாள். கொப்பிப் பக்கத்தையும், அதன் டெனிஸ் மொழிபெயர்ப்பையும் கொடுத்தாள். பாஸ்டர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னார். 18.40 என்று ஏன் எழுதினீர்கள் என்று நீதிபதி கேட்க, பஸ் ஓட்டிப் பழகிப்போச்சு என்றார். அந்த அம்மா முதன்முதலாகச் சிரித்தா.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டா, ஏன் மகனிடம்கூடச் சொல்லவில்லை என்று. நவோமி சொல்லித் தந்த பதில் ஒன்று இருந்தது, சபை வழக்கம் பற்றி. அதைச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா கண்ணாடியைத் தலையில் இருந்து எடுத்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு இருந்தா. நான் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் என் உடைந்த டெனிசிலேயே சொன்னேன்: பயம். அந்தக் கடிதம் என் வீட்டுக்குள் இருக்கப் பயம். எங்கேயாவது வெளியில் வைக்க வேணும் போல இருந்தது.

நவோமி என் கையைப் பிடித்தாள். அவளுடைய கைதான் குளிர்ந்து கிடந்தது. அப்போதுதான் தெரியும், பிள்ளைக்கும் பயம் என்று. இவ்வளவு நேரமும் ஒருவருக்கும் தெரியாமல் நின்றிருக்கிறாள்.

13 பெப்ரவரி, வியாழன்

கடிதத்தை எடுக்கலாமாம். நீதிபதி அனுமதி தந்திட்டா.

நவோமி முழுவதும் வாசித்தாள், என்னை ஏசின இடத்தையும் விடாமல். திகதி தெளிவாக எழுதியிருந்தது, ஜெபமோ பயமோ அதைத் தவறவிடக் காரணமாகாது என்று முதலில் சொல்லியிருக்கினம். சரிதான், நான் என்ன சொல்ல. ஆனால் கடிதம் ஜனவரி ஆறிலேயே இருந்ததாகத் தெரிகிறது, மற்றப் பக்கத்துக்குப் பார்க்க நேரம் இருக்கு, மூன்று நாளுக்காக வீட்டை இழக்க வைப்பது பிழைக்கு மிஞ்சின தண்டனை. ஆகவே எடுக்கலாம். கொம்பனிக்கு வந்த மேலதிகச் செலவில் ஒரு பங்கை நான் கட்ட வேணும். கட்டுறன், அது நியாயம்.

பிழையைப் பிழை என்றும் சொல்லி, மனிசியையும் வெளியே தள்ளாமல் விட ஒருவருக்குத் தெரியுமென்றால் அது பெரிய படிப்பு. நவோமியும் ஒரு நாள் அப்படி ஒரு கதிரையில் இருப்பாள். இதை லூர்தம்மாவுக்குச் சொல்லவில்லை. இன்னும்.

வழக்கு இன்னும் முடியவில்லை. கதவு திறந்திருக்கு, அவ்வளவுதான் என்றாள் நவோமி.

20 பெப்ரவரி, வியாழன்

பெரிய விசாரணை. இரண்டு மணித்தியாலம். ஜோனாஸ் எஸ்பியர்க்கில் இருந்து வந்து சாட்சி சொன்னான். முழுக்க டெனிசில், நல்ல நிதானமாக. ஹென்னிங்கின் மகளும் வந்து தகப்பனின் கையெழுத்தைப் பார்த்து ஓம் என்றா. என்னிடம் வந்து, அப்பா உங்களுடைய மீன்கறியைப் பற்றிச் சொல்லுவார் என்றா. தீர்ப்பு மூன்று கிழமையில்.

13 மார்ச், வியாழன்

நவோமி மத்தியானம் போன் எடுத்தவள். எழுத ஏலாமல் கிடக்கு. நாளைக்கு எழுதுறன்.

11 ஏப்பிரல், வெள்ளி

வீடு எனக்குத்தான் என்ற தீர்ப்புக்கு எதிராகக் கொம்பனிக்காரர் மேல்முறையீடு செய்ய நாலு கிழமை இருந்தது. நேற்றோடு முடிந்தது. ஒன்றும் வரவில்லை என்று நவோமி இரண்டு தரம் பார்த்துச் சொன்னாள்.

கிறிஸ்துராஜா வந்து வரவேற்பறைச் சுவருக்கு வெள்ளை அடித்துத் தந்தான். குசினிக்கும் அடிக்கட்டோ என்றான். அடி என்றேன். சுவரில் புதிதாக ஒரு ஆணியும் அடித்தாச்சு. நவோமிக்கு அனுப்ப எழுதினதை இங்கேயும் எழுதி வைக்கிறன், நல்லாக எழுதியிருக்கிறன் என்றபடியால்:

நவோமிப் பிள்ளைக்கு, அப்பம்மா எழுதுவது. சுகம். என்னிடம் இருக்கும் உன் படம் பள்ளிக்கூடம் முடித்து வெள்ளைத் தொப்பி போட்டது. அது சின்னப்பிள்ளை, இந்த ஆள் இல்லை. கோர்ட் வாசலில், அன்றைக்குப் போட்டிருந்த கறுப்புக் கோட்டோடு, கையில் பைலோடு நின்று ஒரு படம் எடு. போனில் அனுப்பாதே, போனைச் சுவரில் கொளுவ ஏலாது. பெரிதாக அடித்துத் தபாலில் போடு. இங்கே தபால் இப்ப கிழமைக்கு ஒருக்கால்தான் வருது, அதனால் கெதியாகப் போடு. விலாசம் அதேதான்.